கயிற்றைத் தொடாத ரோப் கார்

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போயிருப்பேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். தினம் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நல்லா இருக்கேன்ப்பா, வேலை இருக்கு, வைக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். வாய் ஓயாமல் பேசுகிறாய் என்றுதான் உனக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தேன், இப்போது உன்னிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார், அதனால்தான்.

வீட்டு விஷயம் முதலில். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, அவள் வேலை பார்க்கிற டிக்கெட் கவுன்ட்டரில் புது நாற்காலி போட்டிருக்கிறார்களாம், அதன் பெருமையைத்தான் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேல்வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நம் சமையலறைச் சுவர் நனைந்து ஊறிப்போய்விட்டது, கேட்டால் ஆள் வருவான் என்கிறார்கள், அந்த ஆள் எந்த ஜென்மத்தில் வருவானோ. பெரியப்பா வந்திருந்தார். நீ வாராவாரம் அனுப்புகிற படங்களைப் பார்த்துவிட்டு இவ கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்ணப் போனாளா, ஊர் சுத்தப் போனாளா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது, வாரம் பூரா ஆராய்ச்சி, சனி ஞாயிறு சுத்தறா, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படிப் பரிந்து பேசியவன் நான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கோடை விடுமுறைக்கு அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்கு இடம் கிடைத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. நிஜமாக எடுத்த படம் எது, கம்ப்யூட்டர் தானாக உண்டாக்கிய படம் எது என்று கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதுகிறேன் என்று சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் லிப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடத்தில் எல்லாம் முழுதாகப் புரிந்தவன் மாதிரி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன் படம் வந்தால் திங்கட்கிழமை ஊர் பூராவும் அதைக் காட்டிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அருவி, அப்புறம் படகு, அப்புறம் அந்தக் குகை வாசல். உன் அம்மாவும் ஞாயிறு விடிந்தால் முதல் வேலையாகப் படம் வந்துச்சா என்று கேட்பாள், போனை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு ரோப் கார் படம் வந்தது. நீ கூண்டுக்குள் உட்கார்ந்து கையாட்டுகிறாய், கீழே பள்ளத்தாக்கு. இத்தனை வருஷம் லிப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்று வேலை பார்த்தவன், எதைப் பார்த்தாலும் அது எதில் தொங்குகிறது என்றுதான் கண் முதலில் போகும். கூண்டின் தலையிலிருந்து கிளம்புகிற கம்பி, மேலே போய்க் கயிற்றைத் தொடவே இல்லை. கயிறு பின்னால் தன் பாட்டுக்குப் போகிறது, கூண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி கிடையாது, பிடி கிடையாது. பிடி கழன்ற கூண்டில் என் பெண்ணை ஏற்றியிருக்கிறான் படுபாவி என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. உனக்கு அடித்தேன், நீ எடுக்கவில்லை. உடனே நீ சேரும்போது கொடுத்த ஆராய்ச்சிக்கூட வரவேற்பு நம்பருக்கே அடித்துவிட்டேன்.

ஒரு பெண்மணி எடுத்தாள். அந்த ஊர்ப் பேச்சில் நான் தட்டுத்தடுமாறி, கயிறு, பிடி, கூண்டு என்று சொல்ல, அவள் ஏதோ லிப்டில் நான்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து ஆள் அனுப்பப் பார்த்தாள். ஒருவழியாகப் புரியவைத்து, உங்கள் பிள்ளைகளை இனிமேல் அந்த ரோப் காரில் ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். நான் யாருடைய அப்பா என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், இந்தப் பக்கத்தில் ரோப் காரே கிடையாதாம். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை வேனில் ஏறி ஏரிக்குப் போவார்களாம், ஆரம்பத்தில் உனக்கும் இடம் வைத்தார்களாம், அடுத்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன் என்று நீ சொல்லிச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லையாம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு நீ படுத்திருப்பதை அவளே பார்த்தாளாம். முதல் வாரத்திலேயே அவ பண்ணினது பிரமாதமா வந்துடுச்சு, அவளோட புரொபசர் மாசக் கடைசியில எல்லார் முன்னாடியும் காட்டப் போறார், அப்புறமும் எதுக்கு அதையே திரும்பத் திரும்பச் செய்யறாள்னு யாருக்கும் தெரியலை என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன் ம்மா.

உட்கார்ந்ததும் ஞாபகம் வந்தது. ஒருநாள் நீ போனில் கேட்டாயே, அப்பா, பயிற்சிக்குக் கொடுத்த கேள்வியே தெரியாத்தனமா பரீட்சையிலயும் வந்துட்டா, அந்த மார்க்கு செல்லுமா என்று. நான் பெரிய புத்திசாலி மாதிரி, அடிச்சுது யோகம்னு வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டு வந்துடு என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அது உன் புரோகிராம்தானே? அதைப் பழக்கக் கொடுத்த படங்களே அதைச் சோதிக்கிற படங்களிலும் கலந்துபோய், அதனால்தானே அவ்வளவு சரியாக வந்தது? எல்லாரும் கைதட்டிய பிறகு உனக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல வாய் வரவில்லை, யாருக்கும் தெரியாமல் சரிபண்ணிவிடலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நாங்கள் கவலைப்படக் கூடாதென்று அருவியும் படகும் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கி அனுப்பினாய். இது என் ஊகம்தான், தப்பாக இருந்தால் அப்பாவைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு துணிக்கடையில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கடை மேனேஜர். அவசர மணி கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது, மனுஷன் அழுத்தவில்லை. லிப்ட் வரவில்லையே என்று யாரோ தேடின பிறகுதான் எனக்குப் போன் வந்தது. கதவுக்கு வெளியே நின்று எப்படி சார் இருக்கீங்க என்று கேட்டேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றார். மாட்டிக்கொண்ட எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள், அந்தக் குரல் எனக்கு அத்துப்படி, ஆனால் உன்னிடமிருந்து வந்தபோது மட்டும் என் காதில் ஏறவில்லை. மேலே போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஆளை இறக்கினோம். ஏன் சார் மணி அடிக்கலை என்றேன். எல்லாரும் சிரிப்பாங்களேன்னு இருந்துச்சு என்றார். சட்டை நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது அவருக்கு.

நின்றுபோன லிப்ட் யாரையும் அவ்வளவு சுலபத்தில் கொன்றுவிடாது. பயந்துபோய்க் கதவை நெம்பி, சந்து வழியாகக் குதிக்கப் பார்க்கிறார்களே, அதில்தான் உயிர் போகும். நீ இப்போது கதவை நெம்பிக்கொண்டிருக்கிறாய். உன் கேள்விக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதிலை அழித்துவிடு. ஒரு லிப்டில் சந்தேகம் வந்துவிட்டால் எங்கள் வேலையில் செய்கிறது ஒன்றுதான், நிறுத்திவிட்டு வாசலில் பழுது என்று பலகை மாட்டுவோம். படி ஏறுகிறவர்கள் எல்லாம் நம் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே ஏறுவார்கள், பத்திரமாகப் போய்ச் சேருவார்கள். உன் புரொபசர் அதை நாலு பேர் முன்னால் காட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிடு. முகம் சுண்டிப்போகும், அழுகைகூட வரும், வரட்டும். அவர் உன்னைத் திருப்பி அனுப்பினாலும் வீட்டுக்குத்தானே வரப்போகிறாய், இங்கே உன்னை யார் கேட்கப்போகிறார்கள். பெரியப்பா கேட்டால் இன்னொரு டீ பாதியில் நிற்கும்.

இதை எழுதி முடித்து உறையில் போடும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது. உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, அவள் நெஞ்சு தாங்காது என்று ஒரு வாரமாக அருவியையும் படகையும் பற்றிப் பேசிப் பேசியே சமாளித்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்குள் வரவே பயமாக இருந்தது. அவள் கவுன்ட்டரிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள், கையிலிருந்து வாங்கி நின்றபடியே படித்தாள். அழுவாள் என்று தண்ணீர் எடுக்கப் போனேன். எனக்கு ரெண்டாவது படத்துலயே தெரியும் என்றாள். என் பொண்ணு சிரிச்சா இடது கன்னத்துல மட்டும்தான் குழி விழும், இதுல இருக்கறவளுக்கு ரெண்டு பக்கமும் விழுது, நீங்க அதைத் தூக்கிட்டு ஊரெல்லாம் காட்டிட்டு வந்து நிக்கும்போது உங்க முகத்தைப் பார்த்துட்டு நான் எப்படிச் சொல்றது என்றாள். அப்புறம் எதற்கு ஞாயிறு தவறாமல் படம் வந்துச்சா என்று கேட்டாய் என்றேன். ஒண்ணாவது என் பொண்ணா இருக்காதான்னுதான் என்றாள்.

வேறு ஒன்றும் எழுத இல்லை. வேளைக்குச் சாப்பிடு, நாற்காலியில் படுக்காதே, வேனில் இடம் கேட்டு வாங்கிக்கொள். நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அதற்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இந்த ஞாயிறும் அம்மா கேட்பாள். தலை வாராமல், கண் வீங்கி, அந்த அறையிலேயே எடுத்ததாக இருந்தாலும் சரி, ஒரு பக்கம் குழி விழுகிற படம் ஒன்று அனுப்பு. சிரிப்பு வராவிட்டால் குழி இல்லாமலே அனுப்பு, அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியிலேயே நிற்கிற
உன் அப்பா