சக்களத்திக்கு வெளிச்சம் வந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிந்துவிடுகிறது, அது அப்படியே இருக்கட்டும். தினமும்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா பேப்பர் படிப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அவரைப் பற்றிய சங்கதியை அவர் எதிரேயே எப்படிச் சொல்வது. இப்போது பெட்ரோல் போடப் போயிருக்கிறார், அங்கே யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால் சீக்கிரம் திரும்பமாட்டார், கேட்காவிட்டால் இவரே கேட்க வைத்துவிடுவார். அந்த தைரியத்தில் எழுத உட்கார்ந்தேன், நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் என் சக்களத்தியைப் பற்றியது. வேறு யார், ஷெட்டில் நிற்கிற அந்தப் பழைய கார்தான். நீ குழந்தையோடு வருகிறாய், விமானம் ராத்திரியில் இறங்குகிறது என்று சொன்னாயே, அன்றைக்கே உன் தம்பி நல்ல டாக்ஸியாக நானே பதிவு பண்ணிவிடுகிறேன் என்றான். உன் அப்பா எழுந்து ஷெட்டுக்குப் போனார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது முகத்தைப் பார்க்காமல், டாக்ஸி எல்லாம் வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடு, நான் போய்க் கூட்டிட்டு வரேன் என்றார். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று உன்னோடு வாக்குவாதம் பண்ணிவிட்டு, விமான நிலையத்துக்கும் வராமல், துடைத்த பம்பரையே துடைத்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் அல்லவா. அதற்கப்புறம் உன்னோடு போனில் பேசியதுதான் என்ன, சாப்பிட்டியா, அங்க குளிரா, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன், இதைத் தாண்டி ஒரு வார்த்தை உண்டா. கோபமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டதடி, வீம்புதான் பாக்கி, ஏறி உட்கார்ந்தவருக்கு இறங்க வழி தெரியவில்லை. அப்பேர்ப்பட்டவர் தானாக வருகிறேன் என்றால் நான் குறுக்கே நிற்பேனா. ஆனால் தம்பி பிடிவாதமாக ஒன்று சொல்லிவிட்டான், இருட்டில் அந்த வண்டியில் குழந்தையை ஏற்றுவதென்றால் விளக்கு ஒவ்வொன்றும் ஒழுங்காக எரிவதை நான் என் கண்ணால் பார்க்கணும், இல்லாவிட்டால் டாக்ஸிதான் என்று. அவன் சொன்னதில் தப்பில்லை.

உன் அப்பா சும்மா இருப்பாரா. பேத்தி ஏறப்போகிற வண்டி என்று எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுத் தன் கையாலேயே பெயின்ட் அடித்தார். அவருடைய சுத்தம்தான் உனக்குத் தெரியுமே, குடையை மடித்தால்கூட மடிப்பு பிசகக்கூடாது. விளக்குகளைக் கழற்றி, விளக்கு உட்காரும் இடத்திலும், திருகு போகிற ஓட்டைக்குள்ளும், எந்தப் பிறவியிலும் யாரும் எட்டிப்பார்க்காத மூலையிலும் இரண்டு கை பெயின்ட். போதாததற்கு விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே புது ரப்பர் வெட்டி வைத்து, இனிமேல் துரு எப்படி வருதுன்னு பார்க்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் மாட்டி விளக்கைப் போட்டார் பார், அந்தக் கண்கொள்ளாக் காட்சியை நீ பார்த்திருக்கணும். ஹெட்லைட் இரண்டும் தூக்கக் கலக்கத்தில் முழிக்கிற மாதிரி மங்கல். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு எரியாமல் இண்டிகேட்டர் மினுக்குகிறது. இடதுபக்கம் திரும்புகிறேன் என்று சொன்னால் நாலு மூலையும் சேர்ந்து கண்ணடிக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, என்ன விசேஷம், சீரியல் செட் எல்லாம் போட்டிருக்கீங்க என்று கேட்டாள். நான் சிரித்துத் தொலைத்தேன், உன் அப்பா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

தெருமுனைக் கடையில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், வருவதும் தெரியாது போவதும் தெரியாது, அதனால் நாங்கள் அவருக்கு மின்னல் என்று பேர் வைத்திருக்கிறோம். மின்னல் வந்தார், பல்பை மாற்றினார், பியூஸை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், பேட்டரி மேல் பழியைப் போட்டார், கடைசியில் மொத்த வயரையும் உருவிப்போட்டுப் புதுசாக இழுக்கணும், நீங்கள் சொல்கிற நாளுக்குள் முடியாது சார், ஆளை விடுங்க என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் டிரைவர் சீட்டில், அவர் வண்டிக்குப் பின்னால். பிரேக்கை மிதி என்பார், மிதிப்பேன். மிதிச்சியா என்பார், மிதித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்பேன். அப்ப ஏன் எரியல என்பார், அதை என்னைக் கேட்டால், நானா பல்புக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இப்படியே நாலைந்து நாள் போயிற்று. தெருவில் போகிறவர்கள் எங்களுக்குள் விவாகரத்து என்றுகூட நினைத்திருப்பார்கள். தம்பி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு நேராகப் போனை எடுத்தான், டாக்ஸிக்குத்தான். உன் அப்பாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது, எனக்கு மனசே ஆறவில்லை. ரெண்டு நாள் பொறுடா என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டேன்.

மறுநாள் முட்டி வலி தாங்காமல், நீங்களே உட்கார்ந்து மிதியுங்கள் என்று அவரை உள்ளே தள்ளிவிட்டு நான் பின்னால் போய் நின்றேன். கையில் அவருடைய நீள ஸ்பேனர், இதைப் பிடி என்று எதற்கோ கொடுத்தது. கனமாக இருந்ததே என்று அதன் ஒரு நுனியை பம்பர் மேல் வைத்து மறுநுனியை விளக்கைச் சுற்றியிருக்கிற இரும்பு வளையத்தின் மேல் சாய்த்தேன், பளீரென்று சிவப்பாக எரிந்தது. பயந்துபோய் எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. எனக்கு விளையாட்டாகிவிட்டது, வைத்து வைத்து எடுத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்ன பண்றே, என்ன பண்றே என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தார், காலை பிரேக்கிலிருந்து எடுத்தால் அணைந்துவிடுமே என்று திரும்ப உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். கடைசியில் பிரேக்கின் மேல் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ஒன்றும் இல்லை. கரண்ட் வயர் வழியாக விளக்குக்குப் போகிறது, திரும்பி வரத் தனி வயர் கிடையாது, விளக்கு தொட்டுக்கொண்டிருக்கிற வண்டி இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பணுமாம். இவர் அந்த இரும்பையெல்லாம் பெயின்டாலும் ரப்பராலும் மூடிவிட்டார். வழி அடைபட்ட கரண்ட் அடுத்த விளக்குகளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பெயின்ட் படாமல் தப்பித்தது பம்பர் மட்டும்தான், அதை என் ஸ்பேனர் தொட்டதும் வழி கிடைத்துவிட்டது.

காரணம் தெரிந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைத்தேன். உப்புத்தாளை வைத்துக்கொண்டு நிற்கிறார் நிற்கிறார், கை போகவில்லை. இப்பதான் காஞ்ச பெயின்ட்டு, இதைச் சுரண்டுறதுக்கு என் தோலைச் சுரண்டிக்கலாம் என்று முனகுகிறார். எனக்கு வந்ததே கோபம். "வண்டி அழகா இருக்கணுமா, பொண்ணைக் கூட்டிட்டு வரணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றேன். குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் காசு அளவுக்கு இரும்பு தெரிகிற மாதிரி தேய்த்து மாட்டினார், ஒவ்வொன்றும் பட்டென்று எரிந்தது. ஒரு ஹெட்லைட் மட்டும் நடுங்கியது, பார்த்தால் வயர் உறைக்குள் அறுந்து ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் வெட்டிச் சேர்த்தார். தம்பி வந்து வண்டியை மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சரி போங்க என்று சிரித்தான். நீ கெட்டிக்காரிதான் என்று உன் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அதற்குச் சாட்சி தம்பி. மின்னலைக் கூப்பிட்டுக் காட்டணும் என்று ஒரே துள்ளல், நான்தான் பாவம் விடுங்கள் என்று தடுத்தேன்.

நேற்று பொழுது சாயும்போது ஒத்திகை பார்த்துவிட்டு வரலாம் என்று விமான நிலையம் வரைக்கும் என்னை ஓட்டிக்கொண்டு போனார். சாலை பட்டப்பகல் மாதிரி தெரிந்தது, எதிரே வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், நானும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அங்கே போய் வண்டியை நிறுத்தியவர் உடனே திரும்பவில்லை. பயணிகள் வெளியே வருகிற வாசலுக்குப் போய்க் கம்பி ஓரமாக நின்றார், கொஞ்சம் தள்ளி நின்றார், தூணுக்கு இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். யாரைத் தேடுறீங்க, அவள் வர இன்னும் நாள் இருக்கே என்றேன். திரும்பாமலேயே சொன்னார், "எங்க நின்னா அவ கண்ணுக்கு நான் மொதல்ல படுவேன்னு பார்க்கிறேன்." நான் வண்டிக்குள் வந்து உட்கார்ந்து நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான்.

குழந்தைக்கு மாற்றுத்துணி ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும், விமானத்தில் தண்ணீர் நிறையக் குடி, காலை நீட்டி மடக்கு, எங்களுக்கு என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து நூறு வருஷம் வாழணும், பத்திரமாக வந்து சேருங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாதே. ஒன்றே ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள், வெளியே வந்ததும் முதலில் என்னைத் தேடாதே. இடதுபக்கம், இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் பார்.

உன் அம்மா