சும்மா நிற்கும் டிரெய்லரின் பேட்டரி

மே 4, ஞாயிறு

பேட்டரி 11.9 வோல்ட். ஆதாரம்: என் கை மீட்டர், இருமுறை பார்த்தது. போன ஞாயிறு முழுசாக ஏற்றி 12.7இல் விட்டேன். இடையில் ஒரு விளக்கும் போடவில்லை. டிரெய்லர் போர்ச்சில் சும்மா நின்றது. மதியத்திலிருந்து மழை.

தங்கை வசந்தியின் கணவர், என் மச்சான், இறந்து ஏழு மாதம். இது அவருடைய விளக்கு டிரெய்லர். வசந்தியின் ஃபிளாட்டில் நிறுத்த இடமில்லை என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இழுத்து வந்தது நான்தான்.

செய்தது: முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா மாவுத் தண்ணீரால் கழுவல். மூடிகளைத் திறந்து பார்த்தல். தகடுகள் மூழ்கியே இருக்கின்றன. வடிநீரைச் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் விட வேண்டும், முன்னால் விட்டால் பொங்கி வழியும். பத்திரிகை நிருபரான நான் ஒருமுறை அப்படி விட்டு மச்சானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது: "பேப்பர்காரருக்கு எல்லாத்துலயும் அவசரம்!"

கோயில் தலைவர் ராமு போன். ரப்பர்த் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி ஆட்கள் கலைந்துவிட்டார்கள், அம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, கரண்ட் இல்லாமல். வருகிற ஞாயிறு திருவிழா. விளக்கு எப்போதும் மச்சானுடையது.

"அண்ணே, வெளக்கு உண்டா இல்லையா? ஜெனரேட்டர் வச்சா சாமி வாக்கு சொல்றது ஒருத்தர் காதுலயும் விழாது லா. ஒரு வருஷம் வச்சோம். ஒரு அக்கா மகன் கல்யாணத்தப் பத்திக் கேட்டாங்க. சாமி சொன்ன பதிலு ஜெனரேட்டருக்கு மட்டும்தான் தெரியும்."

உண்டு என்றேன். பேட்டரி சம்மதித்தால்.

மே 6, செவ்வாய்

நேற்று முழுக்க ஏற்றல். இன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாசார் சந்தைக்குப் பின்னால் லியோங்கின் பேட்டரிக் கடைக்கு. சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர், தமிழ் சரளம். சோதித்தார்.

"பழசுதான். ஆனா சாகல. சும்மா நிக்கும்போது உள்ள யாரோ சாப்புடுறாங்க."

"யாரு?"

"அத நீங்கதான் பேட்டி எடுக்கணும்."

சாயங்காலம் வசந்தி கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, முட்டி வலி. பிறகு: "இன்னிக்கு வண்டிய பாசார் பக்கம் எடுத்துட்டுப் போனீங்களாண்ணே?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்பவள் இல்லை. இத்தனை வருடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவன், மழுப்பலை அறிவேன். போர்ச் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

மே 7, புதன்

வெயில். மீட்டரைப் பேட்டரிக்கும் கம்பிகளுக்கும் நடுவில் கோத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றல். விளக்குக் கம்பி: எண் மாறவில்லை. ஒலிபெருக்கி: மாறவில்லை. இரண்டும் போன பிறகும் எதுவோ இழுத்துக்கொண்டிருக்கிறது.

அடிச்சட்டக் குழாய்க்குள் போகும் மெல்லிய கறுப்புக் கம்பி. சுற்றியிருந்த டேப் மச்சான் கைவேலை. பிரிக்க வசதியாக நுனியை மடித்துவிடுவார். கழற்றினேன். பூஜ்யம்.

கைபேசி அடித்தது. திரையில்: மச்சான்.

எடுக்கக் கை வரவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மச்சான்.

எடுத்தேன். "அண்ணே! வண்டி எங்க? கம்பியப் புடுங்கிட்டாங்கன்னு மெசேஜ் வந்துருக்கு! யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

வசந்தி. அவர் போனில்.

குழாய்க்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. வண்டி எங்கே நிற்கிறது என்று அந்தப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் டிரெய்லர் திருட்டுப் போன பிறகு பொருத்தியதாம். என்னிடம் சொன்னதில்லை. அந்தப் போனை இன்றுவரை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

"அவரு எங்கயாவது வெளக்கு கட்டப் போனா, போன்ல வண்டியோட புள்ளி பெரிய ரோட்டுலேர்ந்து உள்ள திரும்புறதப் பாத்துட்டுத்தான் தோசைக்கல்லு வைப்பேன். நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. அவரு இல்லன்னு தெரியும். வண்டி எங்க நிக்குதுன்னு பாக்காம படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது, அவ்ளோதான்."

கம்பியைத் திரும்ப மாட்டினேன்.

"ஆ, வந்துருச்சு," என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

புழுக்கம். சார்ஜர் ஓடுகிறது. ஏற்றி முடிந்ததும் வடிநீர் விட வேண்டும், புட்டி வாங்கியாயிற்று.

வசந்தி வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன்: திருவிழாவுக்குப் பேட்டரி தாங்கும். ஆனால் இப்படி வாராவாரம் காலியாவதும் ஏற்றுவதுமாக இருந்தால், தகடுகள் அடுத்த திருவிழாவைப் பார்க்காது.

"கம்பிய எடுத்துடட்டுமா?"

போன் மேசைமேல். திரையில் என் வீட்டு வாசலில் ஒரு நீலப் புள்ளி.

"கோயில் முடிஞ்சதும் நேரா ஈப்போ போயிடாதீங்க. ஒரு தடவ இங்க கீழ கொண்டாந்து நிறுத்துங்க. வண்டி வீட்டுக்கு வந்துட்டா போன் ஒரு சத்தம் போடும். நீங்க இழுத்துட்டுப் போனதுலேர்ந்து போடல."

"நீயும் கோயிலுக்கு வாயேன்."

"வருஷம் திரும்பல, தீட்டு." போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அதுக்காகவும் இல்லண்ணே. நான் அங்க வந்துட்டா, வண்டி வீடு வர்றத யாரு பாக்குறது?"

நிலுவை: கம்பி. கழற்றுவதா வேண்டாமா என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாளாம். ஞாயிறு சாமி மலையேறி, விளக்குகளை அவிழ்த்து, அவள் ஃபிளாட் வாசலுக்கு நான் வந்து சேர இரவு ஒன்பது ஒன்பதரை ஆகும்.