ரோஜாவின் காவல்துறைச் சான்று

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, எங்கள் குழந்தைகள் இல்லத்தின் பணியாளர் கோப்பைத் திறந்து, நான் எழுதிய பொய்யைப் பார்த்தேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காவல்துறைச் சான்று வராமல் யாரையும் குழந்தைகளோடு தங்கவிடக் கூடாது. பழைய ஆயா திடீரென நின்றுவிட்டதால், பொன்னேரியிலிருந்து வந்த ரோஜாவை அவள் இடத்தில் சேர்த்துக்கொண்டு, சான்று ‘பெறப்பட்டது’ என எழுதிவிட்டேன். மூன்று வாரமாகியும் வரவில்லை.

“இன்னாக்கா, என்னைப் பார்த்தா புள்ள புடிக்கிறவ மாதிரியா கீது?” என்று அவள் சிரிக்கிறாள். நல்லவள்தான் போலிருக்கிறது. அந்தப் ‘போலிருக்கிறது’ என்பதை நம்பித்தான் பதினெட்டுக் குழந்தைகளை ஒப்படைத்திருக்கிறேன்.

மணத்தக்காளி வற்றல் கொஞ்சம் அனுப்பு. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எதுவும் இறங்குவதில்லை.

உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி பத்து மணிக்கு வருகிறார், கிளம்புகிறேன். வேலை போனாலும் சரி, அவர் கோப்பைத் திறக்கும் முன் நானே சொல்லிவிடுவேன். இங்கே யாருக்கும் இது தெரியாது.

உன் மகள்
நர்மதா