பின்னறையில் ஒரு மில்லிங் மிஷின்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி வழக்கம்போல, எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், மற்றபடி குறையில்லை. இந்தக் கடிதம் உன் தம்பியைப் பற்றித்தான். போனில் பேசினால் அவன் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

போன தடவை நீ, "அந்த மிஷின் பைத்தியத்தை விடச் சொல்லும்மா, வேணும்னா ரெடிமேடா ஒண்ணு வாங்கி அனுப்புறேன்" என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் அவன் வலது கையில் மூன்று விரலை எடுத்ததிலிருந்து என் தையல் மிஷின் சத்தமே எனக்கு ஆகாமல் போயிருந்தது. அவனும் வீட்டுக்குள்ளேயே கையைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அப்படி இருந்தவன் ஒரு நாள், "அம்மா, கம்ப்யூட்டர்ல அளவு குடுத்தா அதுவா வெட்டுற மில்லிங் மிஷின் ஒண்ணு நானே செய்யப்போறேன், சாமான் பார்க்கக் கூட வர்றியா?" என்று கேட்டான். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "ஒரு மிஷின் தின்னது பத்தலையா?" என்றவர்தான், அதோடு அவனிடம் பேச்சு நின்றுபோனது. எனக்கும் இஷ்டமில்லை. கூப்பிட்டானே என்று போனேன்.

பழைய மிஷின் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் அவன் கையைப் பார்த்துவிட்டு, "இப்படி ஆனப்புறமும் மிஷினா தம்பி?" என்றார். எனக்குச் சூடாக ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவனோ, "ரெயில் எடுத்துக் காட்டுங்கண்ணே" என்றான், அவ்வளவுதான். ரெயில் என்றால் வெட்டுகிற பாகம் வழுக்கிக்கொண்டு போகும் இரும்புத் தண்டு. அதன்மேல் உள்ள கட்டையை இடது கையால் தள்ளிப் பார்த்தான், அந்தக் கைக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. "நீ தள்ளிப் பாரும்மா, எங்கயாவது தட்டுதா?" என்றான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். பாதி வழியில் ஊசியில் நூல் முடிச்சு வந்து இடிக்கிற மாதிரி ஒரு இடி. சொன்னேன். மறு பேச்சில்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை நீட்டினான். மோட்டார் சுற்றினால் மேசையை நகர்த்துகிற திருகு தண்டுக்குச் சாதாரண மரைக்கம்பியே போதாதா என்று கேட்டேன். "திரும்புறப்ப அது மயிரிழை ஆடும்மா. அந்த மயிரிழைதான் கணக்கு" என்று, உள்ளே சின்னச் சின்ன குண்டு உருளுகிற பால் ஸ்க்ரூவை எடுத்தான். அப்புறம் மிஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இரண்டு கேட்டான். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. கதவுகிட்ட மாட்டறேன். எப்ப பயமா இருந்தாலும் அமுக்கு, கோவிச்சுக்க மாட்டேன்." உன்னிடம் சொல்வதற்கென்ன, காரணமே இல்லாமல் பலமுறை அமுக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பின்னறையில் மிஷினுக்கான அலுமினியச் சட்டத்தை முடுக்கி நிறுத்தியிருந்தான். அப்பா அந்தப் பக்கம் போகிறவர் போலப் போய், "இந்த மோட்டார் வெயிட்டுக்கு இது ஆடும்டா, இரும்புல போடணும்" என்றார். "வெல்டிங் வெச்சா வளைஞ்சிடும்பா" என்றான் இவன். "யார் வெச்சா வளையும்?" என்று அப்பா, பழைய வெல்டர் ஆயிற்றே, குரலை உயர்த்தினார். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! அடுப்படியில் நின்று அந்தச் சண்டையைக் காது குளிரக் கேட்டேன். கடைசியில் இரும்புச் சட்டம்தான் நின்றது, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டு அப்பாவே பற்றவைத்தார்.

முதல் துண்டை வெட்டும்போது வெட்டுமுனை பட்டென்று ஒடிந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. சில நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு அவனாகவே போய், ஒரேயடியாக ஆழமாக வெட்டாமல் மேலாக மேலாகச் சீவிப் பழகிக்கொண்டான்.

போன வாரம் அவனோடு வேலை பார்த்தவன் ஒருவன் வந்தான். இப்போது அந்த பிரஸ்ஸில் நிற்பது அவன்தான். "பிரஸ்ஸுக்குக் கை உள்ள போகாம கவர் போடச் சொன்னா மேனேஜர் இதோ அதோன்னு தள்ளிக்கிட்டே போறார். கவரும் அதுக்கு ஸ்விட்ச்சும் நாங்களே வாங்கிட்டோம். ரெண்டையும் பிடிச்சு நிறுத்தற துண்டு மட்டும் சரியான அளவுல வேணும்" என்றான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்தக் கம்பெனிக்கு நீ செஞ்சு குடுக்கணுமா?" என்றார். உன் தம்பி நிதானமாக, "கம்பெனிக்கு இல்லப்பா, அங்க நிக்கிறவனுக்கு" என்றான். அப்பா ஸ்பேனரை எடுத்து, அலுமினியத் துண்டைத் தானே மேசையில் இறுக்கிக் கொடுத்தார்.

நேற்று அந்தக் கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. துண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம், இனிமேல் கவர் மூடாமல் பிரஸ் இறங்காதாம். கேட்டுவிட்டுப் போனை வைத்த உன் தம்பி மிஷின் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அழாத பிள்ளை. அப்பா முட்டிவலியோடு தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் ரெடிமேட் மிஷின் எதுவும் அனுப்பாதே கண்ணு. அடுத்த முறை பேசும்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, மிஷின் எப்படி ஓடுகிறது என்று கேள். நிறையப் பேசுவான், பொறுமையாகக் கேட்டுக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உன் இருமலுக்கு மருந்து வாங்கினாயா என்று மறக்காமல் எழுது.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா