அலவாங்கு விழுந்த வேன்

அக்கா,

இன்று காலை கலேவெல கராஜில் எனக்கென்று செய்த கேம்பர் வேனை ஒப்படைத்தார்கள். கதவைத் திறந்ததும் புதுப்பலகையும் பசையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். "ஏங்க மிஸ், புடிக்கலையா?" என்றார் கராஜ்காரர். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதே வாடையோடுதான் உன் வேனும் உக்குவளை வீட்டுக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடி வாங்கிய வீட்டில், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பொறுத்திருந்தாய். பிறகு பழைய வேனொன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைக்க ஒரு கராஜில் கொடுத்தாய். "இனி எனக்கு இதுதான்டி வீடு" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

வேனைக் கொண்டுவந்தவர் சாவியைத் தந்துவிட்டு பஸ் ஏறப் போனார். நீ ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாய், நான் பக்கத்தில். வீட்டுக்குள்ளேயிருந்து உன் புருஷன், குழி தோண்டுகிற இரும்புக் கம்பியான அலவாங்கோடு வந்தான்.

"எங்கடி போறே? எறங்கு!"

முதல் அடியில் முன்கண்ணாடி நொறுங்கி நம் மடியில் கொட்டியது. உன் பக்கக் கதவை இழுத்துத் திறந்து முடியைப் பற்றினான். தடுக்க நீ தூக்கிய இடக்கையில் இரும்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் உன் மேல் பாய்ந்து, முடியைப் பிடித்திருந்த அவன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம். அவன் பிடி விட்டதும், காலைத் தூக்கி நெஞ்சில் உதைத்தாய். மல்லாந்து விழுந்தான். எதிர்க்கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"கியரை நீ போடு," என்றாய்.

நீ கிளச்சை மிதிக்க, நான் கியரை மாற்ற, கண்ணாடியில்லாத வேன் பொலிஸ் வாசல்வரை போனது. அவன் சிறைக்குப் போனான். கை கூடியதும் நீ றிவஸ்டன் மலையடியிலும் தம்புள்ளைக் குளக்கரையிலும் வேனை நிறுத்தித் தூங்கினாய். "கெட்ட கனவுகூட வர்றதில்லடி," என்று போனில் சிரித்தாய். புற்றுநோய் வந்து கொண்டுபோகும்வரை அப்படியே இருந்தாய்.

இன்று கராஜிலிருந்து வரும் வழியில், யட்டவத்தையில் ஒருவன் ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணை வெளியே இழுத்துப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். நடுரோட்டில் வேனை நிறுத்தி இறங்கினேன்.

"காலை எடு!"

"ஒங்க வேலயப் பாத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்தியவன் என் முகத்தில் அறைந்தான். உதடு கிழிந்தது. நான் நகரவில்லை; பின்னால் வாகனங்கள் வந்து நிற்பதைக் கண்டு அவன்தான் ஒதுங்கினான். அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி வேனில் ஏற்றினேன். அவள் தன் பெயரைக்கூட இன்னும் சொல்லவில்லை. என் புதுக்கட்டிலில் முதலில் படுத்தவள் அவள்தான்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அக்கா. ஆனால் கை ஓங்குகிறவனுக்கு முன்னால் விலகி நிற்க என் உடம்புக்கு இனித் தெரியாது. அதை நீதான் எனக்குள் வைத்துவிட்டுப் போனாய்.