ஜெனி சொல்லிவிட்டாள், மாமா

என் கால் எரிச்சலை முதன்முதலில் நம்பிய என் மாமாவுக்கு,

இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். உங்கள் மகள் ஜெனிக்கு முதல் தடவையாக மருந்து ஏற்றினார்கள். அத்தைக்கு வரத் தைரியம் இல்லை. அதனால் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்களுக்கும் எனக்கும் வியர்க்காத உடம்பு. கடலூர் வெயிலில் ஊரே நனைந்து நிற்கும். நாம் இரண்டு பேர் மட்டும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருப்போம். கையும் காலும் நெருப்பில் வைத்தது போல எரியும். டாக்டர்கள் சத்துக் குறைவு என்றார்கள். விளையாட்டுப் பீரியடுக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று பள்ளியில் திட்டினார்கள். அம்மாகூட, "இவ நடிக்கிறாடா தம்பி" என்று உங்களிடமே சொல்லியிருக்கிறார்.

மாதா கோயில் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? மைக் செட் உங்களுடையது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அழுதுகொண்டே வந்தேன்.

"இன்னாடி, காலு எரியுதா? எனக்கும்தான். வா."

சர்பத் கடையில் ஐஸ் உருகிய தண்ணீரை ஒரு வாளியில் கேட்டு வாங்கி வந்தீர்கள். உங்கள் காலையும் என் காலையும் ஒன்றாக அதில் விட்டோம். "யாரும் நம்பலன்னா வுடு. நாம ரெண்டு பேரு இருக்கோம்ல" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கு யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதான்.

நோய்க்குப் பெயர் கிடைத்தபோது உங்கள் தலை நரைத்திருந்தது. உடம்பில் ஒரு என்சைம் இல்லை, அது கரைக்க வேண்டிய கொழுப்பு சிறுநீரகத்திலும் இதயத்திலும் படிகிறது, இது பரம்பரையாக வருவது என்று டாக்டரம்மா விளக்கினார். அப்பாவுக்கு இருந்தால் மகளுக்கும் கட்டாயம் இருக்கும் என்று அவர் சொன்னதும் உங்கள் முகம் இருண்டுபோனது. உங்களுக்கு நோய் என்று கேட்டபோது சிரித்த மனுஷன்தான் நீங்கள்.

இல்லாத என்சைமை மருந்தாக ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்களுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நாலைந்து தடவை ஆன பிறகு ஒரு நாள் போர்வைக்குள் சொறிந்துகொண்டே இருந்தீர்கள். கேட்டால், "கொசு" என்றீர்கள். பட்டப்பகலில் என்ன கொசு? திரும்பிப் பார்த்தபோது உதடு வீங்கியிருந்தது, குரல் கம்மிவிட்டது. நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தினார். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, உங்களுக்கு மூச்சு சீராகும் வரை எனக்கு உயிர் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"போன தடவையே லேசா இருந்துச்சு டாக்டர்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. அப்பனுக்கு ஒத்துக்கலன்னா பொண்ணுக்கும் ஒத்துக்காதுன்னுடுவீங்க. அவளுக்கு இத வுட்டா வேற இன்னா மருந்து இருக்குது?"

டாக்டரம்மா உங்கள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒங்க ஒடம்பு வேற, அவ ஒடம்பு வேறங்க. நீங்க சொன்னாதான் முன்கூட்டியே மாத்திரை குடுத்து, மெதுவா ஏத்த முடியும். மறைச்சீங்கன்னாதான் நிறுத்துற நெலம வரும்."

அதன் பிறகு நீங்கள் வாயை மூடவே இல்லையே! "சிஸ்டர், குளிருது." "சிஸ்டர், இடது தோள்ல நமநமங்குது." மைக் இல்லாமலே வார்டு முழுக்கக் கேட்கும். மருந்து ஏற ஜாஸ்தி நேரம் ஆனது, ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையை இழுத்து உங்கள் நெற்றியில் வைத்தீர்கள். "ஈரம் தெரியுதாடி?" வியர்வை, மாமா! நாம் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

இதயம் மட்டும் திரும்பி வரவில்லை. மருந்து வருவதற்கு முன்பே அது தடித்துப்போயிருந்தது. போன மழைக்காலத்தில் நின்றுவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள், "அந்த மருந்துதான் ஆளக் கொன்னுடுச்சு" என்றார்கள். அத்தை அதை அப்படியே நம்பிவிட்டார். அதே மருந்தில் நான் உயிரோடு நிற்கிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன், அழுதுவிட்டு உள்ளே போய்விடுவார். கடைசியில் ஜெனிதான், "நானும் எரிஞ்சிகிட்டே கெடக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அத்தை எழுந்து போய் ஜெனியின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

இன்று மருந்து பாதி ஏறியிருக்கும். ஜெனியின் கை கழுத்துக்குப் போனது. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"சிஸ்டர், கழுத்துல அரிக்குது. மூச்சு நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

நிறுத்தினார்கள், ஊசி போட்டார்கள். தடிப்பு அடங்கும் வரை காத்திருந்து மறுபடி மெதுவாக ஏற்றினார்கள். அப்போதுதான் அவள் கேட்டாள். முறைப்படி என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அண்ணி, அப்பா மொதல்ல ஏன் மறைச்சாரு?"

"ஒனக்குக் கெடைக்காம போயிடும்னு பயந்தாருடி."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "லூசு அப்பா" என்றாள். தோள் குலுங்கியது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எல்லாம் முடிந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். எதையும் மறைக்கவில்லை.

"அரிப்பு வந்துச்சு அத்தை. நிறுத்திட்டு மெதுவா ஏத்துனாங்க. முழுசா ஏறிடுச்சு. இட்லி கொத்சு சாப்புட்டுகிட்டு இருக்கா."

எத்தனை இட்லி என்று கேட்டார். மூன்று என்றேன்.

"அடுத்த வாட்டி நானும் வரேன்" என்றார் அத்தை.

கூட்டிக்கொண்டு போகிறேன், மாமா. ஜெனியின் தலைமாட்டில் அவரை உட்கார வைக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் நான் இருப்பேன்.

உங்கள் அக்கா மகள்,
ஸ்டெல்லா