கெண்டைக்கால் சூடு

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று மனசு நிறைந்திருக்கிறது. நான் ஆலோசகராக இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். கெண்டைக்காலில் சூடு. "பூசையில உடுக்கையடிச்சுக் குறி சொன்ன கோடாங்கிதான சுட்டாரு?" என்று ஊரே கேட்க, பிள்ளை எல்லோரிடமும் தலையாட்டியிருக்கிறது.

பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது என்பது எங்கள் பாடம். "என்ன நடந்துச்சு, நீயே சொல்லு தாயி" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா வண்டியில ஏறுனேன், சைலன்சர் சுட்டுருச்சு. கோடாங்கி துன்னூறுதான் பூசுனாக" என்றது.

கோடாங்கியாக இருந்த நீங்கள், என் மகள் காலில் சூடு வைத்ததாகப் பழி சுமந்து உடுக்கையை விட்டுப் பன்னிரண்டு வருசம் ஆகிறது.

அன்று என் மகளிடம் நான் இப்படிக் கேட்கவில்லை, அண்ணே. "மாமாதான சுட்டாக?" என்று கேட்டேன். அவளும் தலையைத்தான் ஆட்டினாள்.

உங்கள் தங்கை